முப்பத்தோராம் அறை

எந்தப் புதிர் விளையாட்டை இறக்கிப் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால், மூன்று விஷயம் பார்க்கச் சொல்வேன். நேரம் ஓடக்கூடாது. யாரும் சாகக்கூடாது. வாசிக்க ஒன்றும் இருக்கக்கூடாது.

நேரம் ஓடினால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். திரையின் மூலையில் முப்பது, இருபத்தொன்பது என்று இலக்கம் குறையத் தொடங்கினால், எதை எங்கே நகர்த்த வேண்டும் என்று தெரிந்திருந்தாலும் விரல் போகாது. யாராவது செத்தால், அது நாலு கோட்டில் கீறிய பொம்மையாக இருந்தாலும், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. வாசிக்க இருந்தால் அது இங்கிலீசில்தான் இருக்கும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்.

பெரிய கம்பனிகள் செய்கிற விளையாட்டுகளில் இந்த மூன்றும் இருக்கும். எங்கேயோ ஒரு ஆள் தன் அறையில் உட்கார்ந்து, யாரும் கேட்காமல், தனக்குத் தோன்றியபடி செய்து, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுகிற சின்ன விளையாட்டுகளில்தான் இவை இருக்காது. அப்படி நான் விளையாடியதில் ஒன்றில், ஒருவர் இருட்டில் விளக்கேற்றிக்கொண்டே போக வேண்டும். ஒருமுறை மிதித்த கல்லை மறுபடி மிதிக்க முடியாது. இன்னொன்றில், மலைச்சரிவில் மழைத்தண்ணீரை வெட்டித் திருப்பி ஒரு மரத்தடிக்குக் கொண்டுபோக வேண்டும். அதைச் செய்தவர் மலையில் பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும். தண்ணீர் எங்கே தேங்கும், எங்கே மண்ணை அறுத்துக்கொண்டு ஓடும் என்று அந்த ஆளுக்கு அத்தனை நன்றாகத் தெரிந்திருந்தது.

மூன்றாவதைப் பற்றித்தான் எழுத வந்தேன். அதன் பெயர் எனக்குத் தெரியாது. அதில் எத்தனை அறைகள் என்றும் தெரியாது. முப்பத்தோராம் அறையைத் தாண்டி நான் போகவில்லை.

யுத்தத்தின் கடைசி வருஷங்கள் அவை. கண்டி டவுனில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் இருந்த கொமியூனிக்கேஷனில் நான் வேலை செய்தேன். ஆறு கம்பியூட்டர், இரண்டு டெலிபோன் பெட்டி, ஒரு போட்டோகொப்பி மெஷின், நான். கீழே இருந்த புடவைக்கடையும் மேலே இருந்த இதுவும் ஒரே முதலாளியுடையவை. கம்பளையிலிருந்து தினமும் காலை ரயிலில் வருவார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிறபடி எல்லாரும் அவரை நானா என்போம். பகலில் ஒரு தடவை படியேறி வந்து, விசிறிகள் வீணாகச் சுற்றுகின்றனவா என்று பார்த்துவிட்டுப் போவார்.

அந்த ஆறு கம்பியூட்டர்களிலும், அவற்றைத் திருத்த வருகிறவர் ஏதோ ஒரு சீடியிலிருந்து சின்ன விளையாட்டுகளை ஏற்றிவிட்டிருந்தார். டியூஷன் முடிந்து வருகிற பையன்கள் காரோட்டுவதையும் சுடுவதையும் விட்டு வேறெதையும் தொட மாட்டார்கள். மத்தியானம் ஒன்றரைக்கும் மூன்றரைக்கும் இடையில் ஒருவரும் வராத நேரத்தில் நான் மற்றவற்றைத் திறந்து பார்ப்பேன். அந்த வேலையில் என் வாயிலிருந்து ஒரு நாளைக்கு வருகிற வார்த்தைகளை விரல்விட்டு எண்ணலாம். "மூணாம் நம்பருக்குப் போங்க." "லைன் கிடைக்கல்லீங்க." "பேக்கைத் திறந்து காட்டிட்டுப் போங்க." என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேருக்குக் கல்யாணமாகிவிட்டது. இருட்டுவதற்கு முன் மஹய்யாவைக்கு வீடு திரும்பாவிட்டால் அம்மா வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருப்பார். ஆகவே வேலை விட்டதும் நேரே வீடு. வீட்டில் டீவிச் செய்தி, அதற்குப் பிறகு அம்மாவின் பெருமூச்சு.

அஞ்சாம் நம்பர் கம்பியூட்டரில் இருந்த அந்த விளையாட்டு இப்படி. ஒரு அறையை மேலேயிருந்து பார்க்கிறோம். அதில் இரண்டு பேர், ஒருவர் நீலம், ஒருவர் மஞ்சள். ஒரே விசையில்தான் இரண்டு பேரும் நடப்பார்கள். நீலம் இடது பக்கம் போனால் மஞ்சள் வலது பக்கம் போகும். நீலம் மேலே போனால் மஞ்சள் கீழே. அறையில் இரண்டு கதவு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவரவர் கதவில் நிற்க வேண்டும். ஒருவர் முந்தி வந்தால் திறக்காது. நின்றால் அடுத்த அறை. அவ்வளவுதான். பிழை விட்டால் ஒரு விசையை அழுத்தி ஒவ்வொரு எட்டாகப் பின்னுக்குப் போகலாம், தொடங்கிய இடம்வரை. என்னைப் போல எதற்கும் பயப்படுகிற ஒருத்தி அந்த விசைக்காகவே அதை விளையாடுவாள்.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்த விளையாட்டு ஒரே ஒரு இடத்தைத்தான் ஞாபகம் வைத்திருக்கும். மூடிவிட்டுப் போனால், அடுத்தமுறை யார் திறந்தாலும், விட்ட அறையில், விட்ட இடத்திலேயே அந்த இரண்டு பேரும் நிற்பார்கள்.

பதினேழாம் அறையில் நான் ஒன்பது நாள் நின்றேன். பஸ்ஸில் நின்றபடி யோசித்தேன். துணி துவைக்கும்போது சவர்க்கார நுரையில் இரண்டு விரலை எதிரும் புதிருமாக நடத்திப் பார்த்தேன். பத்தாம் நாள் மத்தியானம் திறந்தால், பதினெட்டாம் அறை திறந்திருந்தது.

முதலில் பயம்தான் வந்தது. யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று. பிறகு பதிவுக் கொப்பியைப் புரட்டினேன். கம்பியூட்டர் பாவிக்க வருகிற எல்லாரும் அந்தக் கொப்பியில் தங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம், எத்தனையாம் நம்பர், உள்ளே வந்த நேரம், எல்லாம் எழுதவேண்டும் என்று பொலிசிலிருந்து வந்து சொல்லியிருந்தார்கள். வெளியே போன நேரத்தை நான் நிரப்ப வேண்டும். முந்தின நாள் அஞ்சாம் நம்பரில் இருந்தது ஒரே ஒருவர்தான்.

யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். ஏதோ ஒரு கந்தோரில் கிளார்க்காக மாற்றலாகி வந்து, வத்தேகமப் பக்கம் ஒரு வீட்டில் போர்டிங் இருந்தார். கந்தோர் விட்டு நாலரைக்கு வருவார். வெளிநாட்டில் இருக்கிற அண்ணாவோடு இன்டர்நெட்டில் பேசுவதற்காக. அண்ணா வேலைக்கு இடையில் ஓடிவந்து பேசுகிறவர். சில நாள் ஐந்து மணிக்கு லைனில் வருவார், சில நாள் வரவே மாட்டார். அந்தக் காத்திருப்பில் அக்கா என்ன செய்கிறார் என்று நான் பார்த்ததில்லை. அஞ்சாம் நம்பரின் முகம் சுவர்ப் பக்கம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. பதினெட்டை முடித்து, பத்தொன்பதில் விட்டுவைத்தேன். அடுத்த நாள் இருபது. இப்படியே இன்னும் இரண்டு நாள் போனது. ஒரு நாள் அக்கா கொப்பிக்கு முன்னால் பேனையை எடுத்துக்கொண்டு எழுதாமல் நின்றார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கட்டோ?"

"என்னங்க்கா?"

"அந்தப் பதினேழிலை கிடந்து இழுபட்டது நீங்கள்தானோ?"

எனக்கு முகம் சுட்டது. "யாருங்க சொன்னாங்க?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. ஒவ்வொரு நாளும் நான் திறக்க, ரெண்டு பேரும் ஒரே மூலையிலை நிண்டு அழுதுகொண்டு நிக்கினம். எனக்குப் பாவமாப் போச்சு."

"நானே முடிச்சிருப்பேங்க. நீங்கதான் அவசரப்பட்டுட்டீங்க."

"ஓமோம், வாற வருசம் முடிச்சிருப்பியள்."

நான் சிரித்துவிட்டேன். அந்த மேசையில் உட்கார்ந்து நான் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல்தரம். டெலிபோன் பெட்டிக்குள் இருந்த ஆள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். அக்கா குரலைத் தாழ்த்தி, "ரெண்டு பேரையும் ஒண்டாக் கொண்டுபோகப் பாத்தியள். அது சரிவராது. ஒராளைச் சுவரிலை முட்டவிட்டிட்டு மற்றாளை நடத்தவேணும்" என்றார்.

அன்றைக்கு ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். ஒற்றை அறைகள் அக்காவுக்கு, இரட்டை அறைகள் எனக்கு. ஒருவர் அறையில் மற்றவர் கை வைக்கக்கூடாது, எத்தனை நாளானாலும். அதற்குப் பிறகும் நாங்கள் அதிகம் பேசவில்லை. அவருடைய தமிழுக்கு முன்னால் என் தமிழ் கூசும். எத்தனையாம் வகுப்பு வரை படித்தீர்கள் என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம் வேறு. ஆனால் காலையில் எழும்பும்போது, இன்றைக்கு ஒரு அறை முடிந்திருக்கலாம் என்று ஒரு நினைப்பு இருந்தது. அது இல்லாத வருஷங்களை எப்படிக் கடத்தினேன் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை.

அந்த மாதத்தில் பஸ்களில் குண்டு வெடித்தது. கண்டி பஸ்களிலும் எல்லாரையும் இறக்கி, பை பார்த்து ஏற்றினார்கள். ஒரு பின்னேரம் அக்கா கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற ஒருவர் தோளுக்கு மேலாக விலாசத்தை வாசித்து, "யாப்பனயத?" என்று சிங்களத்தில் சத்தமாகக் கேட்டார். யாழ்ப்பாணமா என்று. வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் நாலாம் நம்பரில் இருந்த பெண் தன் பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனாள். அக்கா மிச்சத்தையும் எழுதி முடித்துவிட்டுத்தான் பேனையை வைத்தார். எழுத்து மட்டும் கடைசியில் கோணலாகப் போயிருந்தது.

என் அடையாள அட்டையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எண்பத்துமூன்று கலவரத்தின்போது நான் நாற்பது நாள் பிள்ளை. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் வீட்டில் இருந்த கடதாசி எல்லாம் போய்விட்டது. பிறப்புப் பத்திரம் இல்லாமல், அதற்காக நடந்து நடந்து, இருபத்தொரு வயதில்தான் எனக்கு அட்டை கிடைத்தது. பிறந்த இடம் கண்டி, விலாசம் கண்டி. அம்மா அதைக் கையில் வாங்கி, முந்தானையால் துடைத்து, "இனி ஒன்ன யாரும் எங்கேர்ந்து வந்தேன்னு கேக்க முடியாது" என்றார். வீட்டில் நகை ஒன்றும் இருக்கவில்லை. இருந்ததில் பெறுமதியானது அந்த அட்டைதான்.

அடுத்த நாள் அக்கா வந்தபோது, "நான் எழுதிக்கிறேன்க்கா, நீங்க போய் உக்காருங்க" என்றேன்.

"பரவாயில்லையோ?"

"அண்ணா வந்துருவாரு, போங்க."

அவர் பெயரை நான் எழுதவில்லை. அஞ்சாம் நம்பர், நாலரை மணி என்று போட்டு, என் பெயரையும் என் இலக்கத்தையும் எழுதினேன். பொய்ப்பெயர் எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த இலக்கம் உண்மையாகவே யாருடையதாவது ஆகிவிட்டால்? அந்த ஆளுக்கு வம்பு வந்தால்? என் இலக்கம் யாருக்கும் வம்பு செய்யாது, அது எனக்கு நிச்சயம். அன்றைக்கும் அதற்கடுத்த நாளும் அதையே செய்தேன். அறைகள் கடினமாகிக்கொண்டே போக, ஆறு கிழமை அப்படியே ஓடியது. அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார். சொல்லாமல் ஒருவருக்கு ஒன்று செய்துகொண்டிருக்கிறோம் என்பது எனக்கு ஒரு சூடாக இருந்தது. குளிருக்குக் கை வைத்துக்கொள்கிற தேத்தண்ணிக் கோப்பை மாதிரி.

பிறகு ஒரு திங்கட்கிழமை அக்கா வரவில்லை. முப்பதாம் அறையை நான் முடித்துவைத்திருந்தேன். முப்பத்தொன்று அவருடைய அறை. செவ்வாயும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று ஒரு மனம் சொல்லும்போதே, இன்னொரு மனம் வேறு பத்துக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தது.

புதன் காலை பத்து மணிபோல் ஒரு சார்ஜன்ட்டும் ஒரு கொன்ஸ்டபிளும் படியேறி வந்தார்கள்.

"நங்கி, பொத்த கோ?" என்று சார்ஜன்ட் கேட்டார். தங்கச்சி, கொப்பி எங்கே? கோபமில்லாத குரல்தான். நான் கொப்பியை நீட்டினேன். அவர் அக்காவின் முழுப்பெயரையும் ஒரு துண்டிலிருந்து வாசித்தார். மற்றதெல்லாம் சிங்களத்தில் சொன்னார். பேச்சுச் சிங்களம் எனக்கு நன்றாக விளங்கும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை போர்டிங் வீடுகளைச் சுற்றிவளைத்ததில் அக்காவையும் பிடித்துக்கொண்டு போனார்களாம். கந்தோர் நாலு மணிக்கு விடுகிறது, இந்தப் பெண் தினமும் ஆறரைக்குத்தான் போர்டிங்குக்கு வருகிறாளாம். இடையில் எங்கே போகிறாய் என்று கேட்டால், இங்கே என்கிறாளாம்.

அவருடைய விரல் பக்கங்களில் இறங்கியது. பழைய பக்கங்களில் அக்காவின் பெயர் இருந்தது, ஒவ்வொரு நாளும், அவர் கையெழுத்தில். பிறகு திடீரென்று நின்றுபோயிருந்தது. சார்ஜன்ட் முன்னும் பின்னுமாகப் புரட்டிவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

"ஆறு கிழமையாக இந்தப் பெண் வரவில்லையே?"

நான் கொப்பியின் பக்கத்தில் கிடந்த பேனையை எடுத்து நேராக வைத்தேன்.

"நாலரைக்கு அஞ்சாம் நம்பரில் இருக்கிறது யார்?"

"நான்."

"வேலை செய்கிற நீயா? தினமும்?"

"கேம் விளையாடுவேன் சேர்."

எங்கே, காட்டு பார்ப்போம் என்றார். நான் அஞ்சாம் நம்பரைத் திறந்தேன். முப்பத்தோராம் அறை. நீலமும் மஞ்சளும் தொடங்கிய இடத்தில் நின்றார்கள். அவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு விசையை அழுத்தினார், இரண்டு பேரும் எதிர் எதிராகப் போனார்கள். இன்னொன்றை அழுத்தினார். கொன்ஸ்டபிள் பின்னால் நின்று, இல்லை சேர், அந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்றான். "நீ வாயை மூடு" என்று அவர் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். பத்து நிமிடம் இருக்கும். கடைசியில் சார்ஜன்ட் தலையை ஆட்டி, "மேக்க ஹரி அமாருய் நே" என்றார். இது நல்ல கஷ்டம்தானே என்று. நான் தலையாட்டினேன். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அவர் தன் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். என்னிடம், விளையாடிக்கொண்டிருக்காமல் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அக்கா எங்கே போனேன் என்று சொன்னாரோ அந்த இடத்தில் அவர் இல்லையென்று நான் எழுதிவைத்திருந்தேன். விளையாட்டைத் திறந்து காட்டி அதை மெய்யாக்கியும் விட்டேன். இது எனக்கு அந்த நிமிடமே விளங்கியது. ஆனாலும் படியில் இறங்கி அவர்கள் பின்னால் ஓடவில்லை. கொப்பியில் பொய் எழுதியதற்கு என்னை உள்ளே போடுவார்கள், அட்டையைப் பறிப்பார்கள், கடையைப் பூட்டுவார்கள், அம்மா வாசலிலேயே விழுந்துவிடுவார் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. மாலையில் வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்தபடி இருந்தேன். அம்மாவிடம் பாதியைச் சொன்னேன்.

"ஒன் பேர எழுதிட்டுப் போனாங்களா?" என்று அம்மா கேட்டார்.

"இல்ல."

"அப்ப பேசாம இரு. நமக்கு எதுக்கு?"

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அக்கா உள்ளே இருந்த நாட்களில் அந்த ஒரு நாள் நான் கொடுத்தது.

வியாழன் காலை, கீழே புடவைக்கடையில் நானா துணிக்கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"நானா, ஒரு விசயம் சொல்லணும்."

"லீவா? நாளைக்கி ஜும்ஆ, நாளைக்கி மட்டும் கேக்க வாணாம்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் கை துணியில் நின்றுபோனது.

"எத்தின நாள் இப்பிடி எழுதின?"

"ஆறு கெழமைங்க."

"ஆறு கெழம! ஏன் மகள், ஒங்களுக்கு அறிவு ஈக்கா? அந்தப் புள்ளக்கி நல்லது செய்யப் பெய்த்து, அது இங்க வந்ததுக்கு ஒரு அத்தாட்சி இல்லாம ஆக்கிட்டீங்களே."

"தெரியுங்க."

"கடய சீல் வெச்சா?"

"தெரியுங்க நானா."

"ஒங்களயும் உள்ளுக்குப் போட்டா, ஒங்கட உம்மாக்கு நான் என்னத்தச் செல்ற?"

அவர் பிரித்த துணியை மறுபடி மடித்தார். மடிப்பு சரியாக வரவில்லை, உதறி இன்னொருமுறை மடித்தார். ஒன்றும் பேசாமல் இருக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொன்னால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்றும் நினைத்தேன், அதை இப்போது மறைக்க விரும்பவில்லை. அவர் மேசை லாச்சியிலிருந்து தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கொப்பியை ஒரு சாரிப் பையில் போட்டார்.

"வாங்கொ. நீங்க செல்லுங்கொ. நான் பக்கத்தில நிக்கிறன்."

பக்கத்தில் நிற்க அவரை விடவில்லை. பொலிஸில் பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை வாங்குப் பலகையில் உட்காரவைத்து, பிறகு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். அதே சார்ஜன்ட். நான் எழுதியது பொய், அக்கா தினமும் வந்தார், அண்ணாவோடு பேசினார், ஐந்தரை மணிபோல் போவார் என்று சொன்னேன். ஏன் பொய் எழுதினாய் என்றார். யாழ்ப்பாணம் என்று வாசித்து ஆட்கள் எழும்பிப் போனதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேனையை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார்.

"நேற்று நான் விளையாடியது?"

"அது அவங்க அறை சேர். எனக்கு ரெட்டை அறை மட்டுந்தான்."

அவர் சிரிக்கவில்லை. கத்துவார் என்று நினைத்தேன், கத்தவும் இல்லை. கொன்ஸ்டபிளைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். ஒன்றரைப் பக்கம் சிங்களத்தில் எழுதினான். எனக்குச் சிங்களம் பேசவரும், வாசிக்க வராது. வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கத் தைரியம் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன். அந்த ஒன்றரைப் பக்கத்தில் என்ன இருந்தது என்று யுத்தம் முடிந்து பல வருஷம்வரை பயந்துகொண்டிருந்தேன்.

கொப்பியை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். என்னையும் கடையையும் எச்சரித்து விட்டார்கள். அடுத்த நாள் ஜும்ஆத் தொழுகை முடிந்து நானா மறுபடி போய் விசாரித்துவிட்டு வந்து, படியின் கீழிருந்தே சொன்னார்: "விட்டுட்டாங்களாம்." மேலே ஏறி வரவில்லை. அந்தக் கிழமை முழுக்க விசிறிகளைப் பார்க்கவும் வரவில்லை.

நான் புதுக் கொப்பிக்குக் கோடு போட்டேன். அஞ்சாம் நம்பரில் அந்த விளையாட்டைத் திறக்கவில்லை. சார்ஜன்ட் கலைத்துவிட்டுப்போன இடத்தில் அவர்கள் நிற்பார்கள் என்று தெரியும். பின்னுக்குப் போகிற விசையை அழுத்தினால் போதும், அதுவும் தெரியும். அது என் அறை இல்லை. அந்த வருஷம் முடியுமுன் அந்தக் கம்பியூட்டர்களை மாற்றிவிட்டார்கள்.

விட்டதிலிருந்து பதினொரு நாள் கழித்து நாலரை மணிக்கு அக்கா வந்தார். மெலிந்துதான் இருந்தார். தலையை இழுத்து வாரியிருந்தார். மேசைக்கு முன்னால் நின்று கொப்பியைப் பார்த்தார்.

"வாங்கக்கா" என்றேன்.

"இண்டைக்கு நான் எழுதலாமோ?"

குத்தலாகத்தான் கேட்டார். நான் பேனையை நீட்டினேன். அவர் வாங்காமல் நின்றார்.

"நீங்கள் போய்ச் சொன்னபடியால்தான் என்னை விட்டவை எண்டு தெரியும். அதுக்கு நன்றி சொல்லத்தான் வந்தனான்."

"நல்லதுக்குன்னு நெனச்சுத்தான்க்கா..."

"அதுவும் தெரியும், தங்கச்சி." அவர் குரல் ஏறவில்லை. "அவ்வளவு நாளும் என்னட்டைக் கேட்டது ஒரே கேள்விதான். எங்கை போறனீ எண்டு. நானும் ஒரே பதில்தான் சொன்னன். அங்கை ஒரு கொப்பி இருக்கு, போய்ப் பாருங்கோ, ஒவ்வொரு நாளும் என்ர பேர் இருக்கும் எண்டு. அவ்வளவு நம்பிக்கையாச் சொன்னன். அவை வந்து பாத்திட்டு, பேர் இல்லை எண்டு சொல்லேக்கை, எனக்கே ஒரு சந்தேகம் வந்திட்டுது. நான் இங்கை வந்தனானோ எண்டு."

எனக்கு அழுகை வந்தது. அழக்கூடாது என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா வேணாம்னுருப்பீங்க."

"ஓம். வேண்டாமெண்டுதான் சொல்லியிருப்பன்."

பேனையை எடுத்து எழுதினார். முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், யாழ்ப்பாணத்து விலாசம், அதற்குக் கீழே அடைப்புக்குள் போர்டிங் விலாசம். அவசரமில்லாமல் எழுதினார். பின்னால் இரண்டு பேர் காத்துக்கொண்டு நின்றார்கள். எத்தனையாம் நம்பர் என்ற இடத்தில் இரண்டு என்று எழுதினார். அஞ்சாம் நம்பர் காலியாகத்தான் இருந்தது.

அண்ணா அன்றைக்கு நேரத்தோடு வந்துவிட்டார் போல. அக்கா பேசுவது மெல்லமாகக் கேட்டது, சொற்கள் விளங்கவில்லை. பேசி முடிந்ததும் எழும்பி வந்தார். ஊர்ப்பக்கம் இடமாற்றம் கேட்டிருப்பதாகச் சொன்னார். கிடைக்குமா என்று கேட்டேன். தெரியாது என்றார். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று பார்ப்பதுபோல நின்றார்.

"வாறன், தங்கச்சி" என்று சொல்லிப் படியிறங்கினார்.

வெளியே போன நேரத்தை நான் நிரப்ப வேண்டும். சுவர் மணிக்கூடு ஐந்து இருபது காட்டியது. அது ஓரிரண்டு நிமிடம் முந்தி ஓடும். கீழே இறங்கிப் போய்ச் சரியான நேரம் கேட்டேன். நானா ஒரு வாடிக்கைக்காரருக்குத் துணி அளந்துகொண்டிருந்தார், ஏன் என்று கேட்காமல் கையைத் திருப்பிக் கைக்கடிகாரத்தைக் காட்டினார். மேலே வந்து, அக்காவின் பெயருக்கு நேரே ஐந்து பதினெட்டு என்று எழுதினேன்.